கச்சான் காற்றில் கன்று நடுவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் திணைக்களத் தலைவர்கள், பிரதேச செயலாளர்கள், உள்ளூராட்சி சபைத் தவிசாளர்கள், பாடசாலை அதிபர்கள், வங்கி முகாமையாளர்கள், ஆலய, பள்ளிவாசல் நிருவாகத்தினர், விளையாட்டுக் கழகத்தினர் ஆகியோருக்கு,

வணக்கம்.

நான் நிலாவெளி வீதியோரம் மரக்கன்றுகள் வளர்த்து விற்பவள். வருடத்திலேயே எனக்கு மிக நல்ல வியாபாரம் நடப்பது மே மாதக் கடைசி வாரத்திலும் ஜூன் முதல் நான்கு நாட்களிலும்தான். உலக சுற்றாடல் தினத்துக்கென்று லொறியிலும் முச்சக்கர வண்டியிலும் அலுவலக ஜீப்பிலும் வந்து கன்றுகளை அள்ளிக்கொண்டு போகிறீர்கள். பலர் விலைகூடப் பேசுவதில்லை. ஆகவே இந்த மடலில் நான் கேட்கப்போவது என் வருமானத்துக்கே பாதகமானது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் மரம் நடாதீர்கள். ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ நடுங்கள்.

கன்று வாங்க வருகிறவர்களிடம் இதை நேரிலும் சொல்லித்தான் வருகிறேன். சுற்றறிக்கை வந்துவிட்டது என்கிறார்கள். பதாகை அடித்தாகிவிட்டது, பிரதம அதிதிக்குச் சொல்லியாகிவிட்டது என்கிறார்கள். ஓர் இளம் உத்தியோகத்தர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "நீங்கள் சொல்வது சரிதான் அக்கா. ஆனால் ஜூன் 5ஆம் திகதி பின்னேரத்துக்குள் புகைப்படம் அனுப்ப வேண்டும்." அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் முடிவெடுக்க வேண்டிய விடயம் இது. அதனால்தான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் திகதியின் வரலாற்றைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் மனித சுற்றாடல் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாடு தொடங்கியது. அந்த ஆண்டிலேயே ஐ.நா. பொதுச்சபை அந்த நாளை உலக சுற்றாடல் தினமாக அறிவித்தது. ஒரு கூட்டம் தொடங்கிய நாள், அவ்வளவுதான். அன்று மரம் நட வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. எந்த ஊரில் எப்போது மழை பெய்யும் என்று பார்த்து அந்த நாளைத் தெரிவு செய்யவுமில்லை. சுவீடனில் அது பனி விலகி, பகல் நீண்டு, புல்லும் மரமும் தழைத்து நிற்கும் காலம். அங்கே அன்று நட்டால் பிழைக்கக்கூடும்.

கொழும்பிலும் பிழைக்கும். களுத்துறையிலும் காலியிலும் இரத்தினபுரியிலும் இன்னும் நன்றாகப் பிழைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் இறங்கி, ஜூனில் அந்தப் பக்கமெல்லாம் அடைமழையாகக் கொட்டுகிறது. அங்கிருந்து ஒரு சுற்றறிக்கையை எழுதுகிறவர் யன்னலுக்கு வெளியே பார்த்தால் ஈரமண்தான் தெரியும். மரம் நட இதைவிட நல்ல நாள் ஏது என்று அவர் நினைப்பதில் பிழையில்லை. பிழை, அதை வாசிக்கிற நாம் நம்முடைய யன்னலுக்கு வெளியே பாராமல் இருப்பதுதான்.

அதே காற்று நம்மிடம் வந்து சேரும்போது அதில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. இந்து சமுத்திரத்திலிருந்து சுமந்து வந்த நீரையெல்லாம் மலையகத்தின் மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்வது அதனால்தான். மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடாகிறது. சூடானதும் ஈரம் கேட்கிறது. கொடுப்பதற்கு வந்த காற்று இங்கே வரும்போது வாங்கிப் போகிற காற்றாக மாறிவிடுகிறது. இதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். மண்ணிலிருந்து வாங்கும், குளத்திலிருந்து வாங்கும், உதட்டிலிருந்தும் வாங்கும். கொடியில் போட்ட சேலை கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் என்பது மட்டும்தான் அதனால் எங்களுக்குக் கிடைக்கும் இலாபம்.

வளிமண்டலவியல் கணக்கும் இதையே சொல்கிறது. 1961 முதல் 1990 வரையான முப்பதாண்டுச் சராசரியின்படி திருகோணமலையின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறக்குறைய 1,570 மில்லிமீற்றர். இதில் ஜூன் மாதத்தின் பங்கு 30 மில்லிமீற்றருக்கும் குறைவு. பன்னிரண்டு மாதங்களில் மிக வறண்ட மாதம் அதுதான். நவம்பர், டிசெம்பர் மாதங்கள் ஒவ்வொன்றும் 300 மில்லிமீற்றரைத் தாண்டுகின்றன. பன்னிரண்டிலும் பார்த்துப் பார்த்து மிக மோசமான மாதத்தைத்தான் நாம் மரம் நடத் தெரிவு செய்திருக்கிறோம். வேண்டுமென்று தேடியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமில்லாத மாதத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஜூன் 5 காலையில் உங்கள் வளவில் நடப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்வெட்டி இறங்காது. அலவாங்கு போட்டு இடித்துத்தான் குழி எடுக்க வேண்டும். அதுவும் ஒரு சாணுக்கு மேல் எடுப்பவர்கள் குறைவு. பிரதம அதிதி வருவார். கன்றின் பொலித்தீன் பையைச் சில இடங்களில் கிழிப்பார்கள், சில இடங்களில் அப்படியே இறக்கிவிடுவார்கள். (பையோடு நட்ட கன்றை நான் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன். பையின் மேலே என் கையால் கட்டிய பெயர்ச்சீட்டு அப்படியே இருந்தது.) பூவாளியால் கொஞ்சம் நீர், கைதட்டல், குளிர்பானம். பத்து மணிக்குக் காற்று எழும்பும். பகல் வெப்பம் 35 பாகையைச் சாதாரணமாகத் தொடும் நாட்கள் இவை. கிடுகு நிழலில் வளர்ந்த கன்றின் இலை அன்று மாலைக்குள் விளிம்பில் கருகத் தொடங்கும்.

பாடசாலைகளில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பிள்ளைகள் நீர் ஊற்றுகிறார்கள். சுற்றாடல் முன்னோடி மாணவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஓகஸ்ட் வந்ததும் இரண்டாம் தவணை விடுமுறை. கச்சான் உச்சத்தில் நிற்கும்போது பாடசாலை வாயில் பூட்டியிருக்கும். கரையோரக் கிணறுகளில் நீர் அடியில் கிடக்கும், உப்புச்சுவையும் ஏறியிருக்கும். விடுமுறை முடிந்து வரும் பிள்ளை முதலில் போய்ப் பார்ப்பது தான் நீரூற்றிய கன்றைத்தான். அங்கே ஒரு குச்சி நிற்கும். அடுத்த வருடம் அதே குழியில் இன்னொரு கன்று. அந்தப் பிள்ளைக்கு நாம் உண்மையில் கற்பிப்பது என்ன என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

நகரத்துக்குள் நட்டால் வேறொரு தொல்லை. நமது புள்ளிமான்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து கடற்கரை வரைக்கும் உலாவுகிற இந்த மான்கள் திருகோணமலையின் அழகு என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் அவற்றுக்கு மேய ஒரு பச்சைப்புல் கிடையாது. குப்பையில் கிடக்கும் பொலித்தீனைத் தின்கிற நிலையில் இருக்கிற விலங்கின் முன்னே, வேலியில்லாமல் ஐம்பது இளங்கன்றுகளை வரிசையாக நட்டு வைத்தால் அது என்ன செய்யும்? காய்ந்து போவதற்கு முன் மான் தின்றால், அந்தக் கன்றால் ஒரு சீவனுக்காவது பயன் கிடைத்தது என்று நான் ஆறுதல் அடைவதுண்டு. மாரியில் நட்டால் மான் தின்னாது என்று நான் சொல்லவில்லை. தின்னும். ஆனால் சுற்றிலும் புல் இருக்கும்போது முட்கிளை வேலி ஒன்றே போதும். கோடையில் முள்ளையும் தள்ளிக்கொண்டு வரும்.

"ஜூனில் தம்பலகாமத்தில் வயல் பச்சையாகத்தானே நிற்கிறது" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். நிற்கிறது. அந்தப் பச்சையைக் கொடுப்பது கந்தளாய்க் குளம். மாரியில் பிடித்து வைத்த நீரைக் கோடையில் அளந்து விடுவதால் சிறுபோகம் விளைகிறது. நம் முன்னோர் குளம் கட்டியதே கச்சானில் வானத்தை நம்ப முடியாது என்று தெரிந்ததால்தான். வாய்க்கால் பாயாத பாடசாலை மைதானத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. பெரும்போகம் தொடங்குமுன் உங்கள் செயலகங்களிலேயே ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. கமக்காரர்கள், நீர்ப்பாசன உத்தியோகத்தர்கள், விவசாய உத்தியோகத்தர்கள் எல்லோரும் உட்கார்ந்து, குளத்தில் எவ்வளவு நீர், மழை எப்போது, எந்தத் திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும் என்று நாள் குறிக்கிறீர்கள். மூன்றரை மாத நெல்லுக்கு இவ்வளவு யோசனை. நூறு வருடம் நிற்க வேண்டிய மருதுக்கும் பாலைக்கும் மட்டும் கொழும்பிலிருந்து வந்த திகதி. ஜூன் 5 அன்று மானாவாரி வயலில் நெல் விதைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தால் நீங்களே சிரிப்பீர்கள்.

கோடையை நான் பழிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். கச்சான் வீசாவிட்டால் இந்த ஊருக்கு அதன் குணம் இல்லை. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிப்பதால்தான் அந்த மாதங்களில் நிலாவெளிக் கடல் அலையடங்கிக் கிடக்கிறது. புறாமலைக்குப் படகு போவதும், விடுதிகள் நிரம்புவதும், மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நம் கரையில் வந்து வாடி என்னும் தற்காலிகக் குடிசை போடுவதும் அதனால்தான். காட்டிலும் அது வெறுமையான காலமில்லை. பாலைப்பழம் பழுப்பது கச்சானில். வீதியோரத்தில் சிறுவர்கள் விற்கிற மஞ்சள் பழத்தைத் தின்றுவிட்டு உதடு ஒட்டிக்கொள்ளாதவர் இந்த மாவட்டத்தில் யார்? வேம்பு பழுத்து உதிர்வதும் நாவல் கறுப்பதும் ஆனி ஆடியில்தான். ஆடி ஆவணியில் பனம்பழம் விழும்.

மரங்களின் நடப்பைக் கொஞ்சம் பாருங்கள். கோடையில் அவை தளிர்க்கன்றுகளை எழுப்பிக்கொண்டு நிற்பதில்லை. பழுக்கின்றன, விதையை உதிர்க்கின்றன. விதை குருவியின் வயிற்றிலும் கரடியின் வயிற்றிலும் ஊர் சுற்றி, எங்கோ சருகுக்குள் போய் விழுந்து, மழைக்குக் காத்திருக்கிறது. பனங்கொட்டையைப் பாத்தியில் புதைக்கிற ஊர்ச்சனமும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. மழைக்கு முன் புதைத்து, மாரியெல்லாம் ஈரம் குடிக்கவிட்டு, தையில் கிழங்கு பிடுங்குகிறார்கள். எந்தப் பாட்டியும் ஆனி மாதத்தில் பனம்பாத்தி போட்டதில்லை.

பிறகு அந்த மாற்றம் வரும். புரட்டாதிக் கடைசியில் ஒரு நாள் காற்று விழுந்துவிடும். காலையில் கதவு அடிக்காது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல ஒரு புழுக்கம். கச்சானைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் "கொஞ்சம் காற்றாவது அடித்தது" என்று அதற்கு ஏங்கத் தொடங்குவார்கள். மனிதர் அப்படித்தான். பின்னேரங்களில் மேற்கே இடி முழங்கும், மழை வராது. தும்பிகள் கூட்டம் கூட்டமாகத் தோளுயரத்தில் பறக்கும். எறும்பு முட்டையைச் சுமந்துகொண்டு சுவரேறும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று திரும்பும். கிழக்கே கடலுக்கு மேல் கருமை கட்டி, ஒரு நாள் மத்தியானமே இருட்டி, முதல் மழை மண்ணைத் தொட்டு ஆவியாய் எழும்பிப் போய்விடும். அதை நம்பி நடக்கூடாது. இரண்டாவது மழை, மூன்றாவது மழை என்று வந்து, இரவில் ஈசல் எழும்பி, விளக்கடியில் சிறகு குவியும்போதுதான் மண் ஒரு சாணுக்கு மேல் நனைந்திருக்கிறது என்று பொருள்.

அந்த நாட்களில் என் கன்றுத் தோட்டத்துக்கு ஒரு விருந்தாளி வரும். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து பறந்து வந்து, ஐப்பசியில் இலங்கைக்குள் இறங்குகிற சிறு பறவை. வந்த புதிதில் களைத்துப்போய் யார் வீட்டு வளவிலாவது விழுந்து கிடக்கும். பிறகு தேறி, சருகுக்குள் புழுக் கிளறிக்கொண்டு, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குரல் கொடுக்கும். எனக்கு வானிலை அறிக்கையைவிட அதன் குரலில் நம்பிக்கை அதிகம். ஈரச்சருகு இல்லாத ஊரில் அதற்கு வேலை இல்லை. அது வந்துவிட்டால் குழி எடுக்கலாம்.

கடல் முகம் மாறியிருக்கும். வாடி போட்டவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். படகுகளை மேட்டுக்கு இழுத்து வைத்திருப்பார்கள். வேலியில் கார்த்திகைப்பூ எழும்பும். வாடை தொடங்கிவிட்டால் நாள் கணக்கில் வெயிலைக் காண முடியாது. அந்தக் கருக்கல்தான் புதிதாக நட்ட கன்றுக்கு வேண்டியது. இடம் மாற்றிய கன்று வேரை ஊன்றும்வரை அதன் இலைக்கு அதிக வேலை கொடுக்கக்கூடாது. வெயிலில்லை, காற்றில் ஈரமிருக்கிறது, மண் மெத்தென்றிருக்கிறது. நவம்பர், டிசெம்பர், ஜனவரி என்று மூன்று மாதம் எவரும் வாளி தூக்காமலே வேர் கீழே போகிறது. மாசியில் மழை நிற்கிறது. சித்திரையில் இடிமழை இரண்டொன்று கிடைக்கலாம். கச்சான் வரும்போது அந்தக் கன்றுக்கு ஆறு மாத வயது, வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போயிருக்கும். முதல் கோடையில் அதற்கும் நீர் ஊற்றத்தான் வேண்டும். கிழமைக்கு இரண்டு தரம் போதும். ஜூனில் நட்டதற்கு நாளைக்கு இரண்டு தரமும் போதாது.

இது நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்து, அந்த மாதத்தில் கன்றுகள் விநியோகித்திருக்கிறது. அங்கேயும் நமக்கும் ஒரே வாடை, ஒரே மாரி. அங்கே விளங்கியது இங்கே விளங்காமல் போக நியாயமில்லை.

இனி நீங்கள் சொல்லக்கூடிய தடைகளுக்கு வருகிறேன்.

நவம்பர், டிசெம்பரில் பரீட்சையும் தவணை முடிவும் என்பார்கள் அதிபர்கள். உண்மைதான். ஆனால் மரம் நட முழுப் பாடசாலையும் முழு நாளும் தேவையில்லை, மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாவிட்டால். மண் நனைந்திருக்கும்போது ஒரு குழிக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பாடவேளை. தீபாவளிக்கும் கார்த்திகை விளக்கீட்டுக்கும் இடையில் ஏதாவது ஒரு காலை நேரம் கிடைக்காமலா போகும்? திகதியை முன்கூட்டி அச்சடிக்காதீர்கள் என்பதுதான் என் ஒரே நிபந்தனை. மழை வந்த பிறகு நாளைத் தீர்மானியுங்கள். மழையைப் பிரதம அதிதியாக அழைத்தால் அதன் வசதிக்குத்தான் விழா வைக்க வேண்டும்.

புயல் வருமே என்பார்கள் சிலர். வரும். 1964 டிசெம்பரில் வந்த சூறாவளியை எங்கள் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டியது ஒன்று. 2020 டிசெம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா இலங்கை முழுவதையும் உலுக்கி, அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மகாவலி பெருகி, மாவிலாற்றுக் கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கமெல்லாம் நீரில் கிடந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் முழங்கால் உயரக் கன்றைப் புயல் பிடுங்குவதில்லை. அது வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்கிறது. புயலில் விழுவது வேர் சரியில்லாத பெரிய மரம்.

இங்கே தொழில் தெரிந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் அலுவலகங்களில் பெரும்பாலானவை கேட்பது "உயரமான கன்று". படத்தில் தெரிய வேண்டுமாம். சின்னப் பையில் நான்கடி உயரத்துக்கு ஒரு கன்று நிற்கிறதென்றால், பைக்குள் அதன் வேர் போக இடமில்லாமல் வட்டமாகச் சுருண்டிருக்கிறது என்று பொருள். அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் அது சுருண்டபடியே தடிக்கும். பத்து, பதினைந்து வருடம் நன்றாகத் தழைத்து நின்றுவிட்டு, ஒரு வாடைப் புயலில் அடியோடு சரிந்து வகுப்பறைக் கூரையிலோ மின்கம்பியிலோ விழும். விழுந்த மரத்தின் அடியைப் பாருங்கள், நாங்கள் தந்த பையின் அச்சு வேரில் இருக்கும். முழங்கால் உயரம் போதும். தண்டு பென்சில் தடிப்பில், இலை கரும்பச்சையாக, பைக்கு அடியில் வேர் வெளியே வராமல் இருந்தால் அதுதான் நல்ல கன்று. விலையும் குறைவு.

வெள்ளம் வேறு விடயம். அதற்கு இடம் பார்க்க வேண்டும். கிண்ணியா, தம்பலகாமம், மூதூரில் நீர் தேங்கும் பள்ளங்களுக்கு மருதும் நாவலும். மணற்கரைக்குப் பூவரசும் புன்னையும். கந்தளாய்ப் பக்கத்து மேட்டுநிலத்துக்குப் பாலை, வீரை, முதிரை, வேம்பு, புளி. பாலையும் வீரையும் மெதுவாக வளரும், உங்கள் பதவிக்காலத்தில் நிழல் தராது. அதனால் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் நாங்களும் அதிகம் வளர்ப்பதில்லை. கேளுங்கள்.

கழிமுகச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். அவற்றில் ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. நட்ட பரப்பில் தேறியது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு திரும்பிப் பாராமை, மாடு மிதித்தல் என்று காரணங்கள். கொட்டியாரக் குடாவின் கழிமுகத்தில் எது எங்கே வளரும் என்று அங்கே இறால் பிடிக்கிறவருக்குத் தெரியும். நீர் ஏறி இறங்கும் மட்டத்தை அவரிடம் கேட்டுவிட்டு நடுங்கள். அவரைப் பதாகையில் போட வேண்டியதில்லை, பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தால் போதும்.

அப்படியானால் ஜூன் 5ஐ என்ன செய்வது? விட்டுவிடச் சொல்லவில்லை. அன்று எண்ணுங்கள். சென்ற மாரியில் நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று ஒவ்வொரு பாடசாலையும் அலுவலகமும் எண்ணி, அந்த எண்ணிக்கையை மேலே அனுப்பட்டும். நட்டது எத்தனை என்று கேட்கும் படிவம் ஆயிரம் உண்டு, நின்றது எத்தனை என்று கேட்கும் படிவத்தை நான் கண்டதில்லை. எண்ணிய கையோடு நிற்கிற கன்றுகளுக்குச் சருகு மூடாக்குப் போட்டு, ஒரு பவுசர் நீர் ஊற்றுங்கள். பிரதம அதிதி வாளியோடு நிற்பது நல்ல படம்தான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விதை பொறுக்கப் போங்கள். அப்போதுதான் பாலையும் வேம்பும் உதிரும். வேப்பங்கொட்டையை வைத்திருக்க முடியாது, சில கிழமைகளில் முளைதிறன் போய்விடும். உடனே பையில் போட்டுப் பாடசாலை நிழலில் வைத்தால் கார்த்திகைக்கு நடத் தயாராக நிற்கும். தான் பொறுக்கி, தான் முளைக்க வைத்த கன்றைப் பிள்ளை எந்த விடுமுறையிலும் காயவிடாது. என்னிடம் வாங்க வேண்டிய தேவையும் குறையும். அதற்கும் நான் தயார்தான்.

செப்டெம்பரில் குழி எடுத்து வையுங்கள், இரண்டடி ஆழம் இரண்டடி அகலம். மண் இறுகியிருக்கும், ஆட்களும் முணுமுணுப்பார்கள். ஆனால் முதல் மழை குழிக்குள் இறங்கி அடிமண்ணை நனைக்கும். சருகும் காய்ந்த சாணமும் போட்டு மூடிவிட்டால் மழைக்கிடையில் மக்கும்.

கடைசியாக, கொடுக்கல் வாங்கல். கன்று ஒரே நாளில் வளர்வதில்லை. கார்த்திகைக்கு உங்களுக்கு என்ன இனம், எத்தனை வேண்டும் என்று பங்குனி சித்திரைக்குள் சொல்லிவிட்டால் நானும் என்னைப்போல் இந்த மாவட்டத்தில் கன்று வளர்ப்பவர்களும் சரியான உயரத்தில் தயாராக வைத்திருப்போம். முற்பணம் வேண்டாம், எழுத்தில் ஒரு வரி போதும். ஒதுக்கிய பணத்தை அந்த மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்ற கணக்குப்பிள்ளையின் கவலை எனக்கும் தெரியும். அதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன், அடுத்த ஆண்டின் திட்டத்தில் மாதத்தை மாற்றி எழுத இன்னும் நேரமிருக்கிறது. நட்ட பின் காலிப் பைகளைத் திருப்பித் தாருங்கள், மீண்டும் பாவிக்கலாம். ஜூன் 5 அன்று எண்ணும்போது கன்று ஏதும் செத்திருந்தால் எண்ணிக்கைத் தாளோடு வாருங்கள், அடுத்த கார்த்திகைக்குப் பதில் கன்று விலையில்லாமல் தருகிறேன். ஜூனில் நட்டுச் செத்ததற்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்படிக்கு,
நிலாவெளி வீதியில் மரக்கன்று வளர்ப்பவள்
திருகோணமலை